"ஓகே குடுத்துடவா அக்கா?" – கூட்டமைப்பு கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 போடலாமா?



செயற்குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். மறுநாள் படிக்க வேண்டிய கடன் நிலுவைப் பட்டியலை எடுக்க உட்கார்ந்த எங்கள் கணக்காளர் பெண் திடீரென்று கூப்பிட்டாள். "அக்கா, கம்ப்யூட்டர் என்னமோ கேக்குது. விண்டோஸ் 11-க்கு மாறிக்கங்கன்னு வருது. ஓகே குடுத்துடவா?"

"குடும்மா, சும்மா தர்றதை ஏன் வேண்டாங்கணும்?" என்றார் தலைவி. "ஐயய்யோ, தொடாதே! நாளைக்குக் கூட்டம். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் பொருளாளர்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டுமே யோசித்துச் சொன்ன பதில் இல்லை. ஒரு உறுப்பினருக்குப் பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கொடுக்க நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! எதுக்கு வாங்குறே, எப்படித் திருப்புவே, தவணை தவறினா என்ன செய்வே என்றெல்லாம் கேட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கித்தானே தருகிறோம். அத்தனை குழுக்களின் கணக்கும் உள்ளே இருக்கிற பெட்டிக்கு மட்டும் ஒரே ஒரு பட்டனை அழுத்தி முடிவு செய்யலாமா? அன்றைக்கு 'பிறகு பார்க்கலாம்' என்று அழுத்திவிட்டு, அடுத்த இரண்டு வாரம் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தெரிந்ததை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஓடு மாற்றுவதா, வீட்டையே மாற்றுவதா?

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். அப்டேட் என்று வருவதெல்லாம் ஒன்றில்லை. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் நிறுவனம் சின்னச் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புகிறது. இது மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றுகிற மாதிரி. யோசிக்கவே வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போவது அப்படி இல்லை. சாமான்களை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு வீட்டைப் புதிதாகக் கட்டுகிற மாதிரி. பெரும்பாலும் நல்லபடி முடியும். ஆனால் கட்டுவதற்கு முன்னால் நகை நட்டை எடுத்து வேறு வீட்டில் வைக்காதவர்கள் யாராவது உண்டா?

ஏன் இப்போது இந்தக் கேள்வி வருகிறது? விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் நின்றுபோகாது, முந்தின நாள் போலவே ஓடும். அதனால்தான் பலருக்கு விஷயமே தெரியவில்லை. ஓடு மாற்ற ஆள் வருவது மட்டும் நின்றுவிட்டது.

மாற்றாமல் இருந்தால் என்ன?

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற கெடுதல் நிரல் உலகம் பூராவும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகள். உள்ளே நுழைந்ததும் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு என்று திரையில் கேட்டது. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் மட்டும் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தானதாகக் கணக்கிட்டார்கள். இதில் வருத்தம் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்களும், ஆதரவு நின்றுபோன பழைய விண்டோஸை வைத்திருந்தவர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள்.

நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குழுக்களின் சேமிப்பு, கடன் விவரம், உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண்கள். அதிலேயே நெட்பேங்கிங்கும் செய்கிறோம். களவு போனால் போவது கூட்டமைப்பின் பணம் மட்டும் இல்லை.

மாற்றினால் என்ன?

அந்தப் பக்கமும் ஆபத்து உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பெரிய அப்டேட், சிலரது கம்ப்யூட்டரில் இருந்த ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே நிறுவனம் அதை நிறுத்தி வைத்து, சரிசெய்து நவம்பரில் மறுபடி விட்டது. கோப்பு போய்விட்டதாகப் புகார் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்றார்கள். சின்ன எண்ணிக்கைதான். அந்த ஒருவர் நாமாக இருந்தால்?

ஆனால் எங்கள் அனுபவத்தில் அப்டேட்டைவிடப் பெரிய ஆபத்து, அதைப் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்தான். 2021-இல் எங்கள் பழைய கம்ப்யூட்டரை விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாற்ற ஒரு கடையில் கொடுத்தோம். "ஃபார்மேட் பண்ணிப் போட்டுடறேன்மா, டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாது" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மைதான். டி டிரைவில் எதுவும் போகவில்லை. எங்கள் கணக்கு முழுவதும் சி டிரைவில் இருந்தது. அது தெரியாமல் தலையாட்டினோம். ஏழு மாதக் கணக்கு போயே போச்சு.

அப்புறம் எப்படி மீட்டோம் என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு குழு ஊக்குநருக்கும் போன் போட்டோம். அவரவர் சேமிப்புப் பதிவேட்டையும் கடன் பேரேட்டையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்தார்கள். வங்கிப் பாஸ்புக்கோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்த்து மறுபடி ஏற்றி முடிக்கப் பதினோரு நாள் ஆனது. இரண்டு குழுவின் நோட்டில் ஒரு மாதம் எழுதாமலே விட்டிருந்தார்கள். அது இன்னொரு கதை, இன்னொரு இதழில்!

ஆகவே கடையில் கொடுத்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "அப்கிரேடா, ஃபார்மேட்டா?" அப்கிரேடு என்றால் கோப்புகளும் புரோகிராம்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபார்மேட் என்றால் சி டிரைவ் துடைத்துவிடப்படும். இன்னொன்று, ஒரிஜினல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 11-க்கு மாற நிறுவனத்துக்கு ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கடைக்காரர் அவர் வேலைக்குக் கூலி கேட்டால் அது நியாயம். 'விண்டோஸ் விலை' என்று கேட்டால் ரசீது கேளுங்கள்.

நம் கம்ப்யூட்டர் தாங்குமா?

நினைத்த கம்ப்யூட்டரில் எல்லாம் விண்டோஸ் 11 ஏறாது. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் என்பது குறைந்தபட்சம் (எங்களைக் கேட்டால் 8 ஜிபி இல்லாமல் இறங்காதீர்கள், மாட்டுவண்டி வேகத்தில் போகும்). டிபிஎம் 2.0 என்ற ஒன்றும் வேண்டும். பாஸ்வேர்டு, சாவி போன்ற ரகசியங்களைக் காக்கும் பாதுகாப்பு அமைப்பு அது. சில கம்ப்யூட்டர்களில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், தெரிந்தவர் நிமிடத்தில் போட்டுக் கொடுப்பார்.

பெரும்பாலும் இடறுவது பிராசசரில்தான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஐ3-8100 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8 எட்டாம் தலைமுறை. ஐ3-6100 என்றால் ஆறு, ஏறாது. ஐ3-10100 என்றால் பத்து. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் இந்த எண் தெரியும். அதே இடத்தில் 32 பிட்டா, 64 பிட்டா என்றும் பாருங்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் கிடையவே கிடையாது. உங்களுடையது 32 பிட் என்றால் நேராக அப்கிரேடு ஆகாது, புதிதாகத்தான் போட வேண்டும். டாஸ் காலத்துக் கணக்குப் புரோகிராமை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருந்தால் அது 64 பிட்டில் ஓடாது. இந்த எண்களைப் பார்க்கச் சிரமமாக இருந்தால் 'பிசி ஹெல்த் செக்' என்ற நிறுவனத்தின் இலவசப் புரோகிராம் ஏறும், ஏறாது என்று தானே சொல்லிவிடும்.

அடுத்தது, கூட இருக்கிற சாமான்கள். ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கைரேகைக் கருவி, கணக்குப் புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் "11-இல் வேலை செய்யுமா?" என்று விற்றவரிடம் போனில் கேட்டு, பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். தமிழ் டைப்பிங்கையும் மறக்க வேண்டாம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த தீர்மானங்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம், எழுத்துருவைப் போட்டால் திரும்ப வந்துவிடும். அதனால் எழுத்துருக் கோப்பையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இனி அடிப்பதை யூனிகோடில் அடிப்பது நல்லது. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது.

யார் பெயரில் கணக்கு? இதை நாங்களே தாமதமாகத்தான் கவனித்தோம். எங்கள் கம்ப்யூட்டரின் மைக்ரோசாப்ட் கணக்கு, வேலையை விட்டு, கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட பழைய கணக்காளரின் போன் நம்பரில் இருந்தது! சில கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பதெல்லாம் தானே பூட்டிக் காக்கப்படும். ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். அந்தப் பெண் நல்லவள், கேட்டதும் மாற்றிக் கொடுத்தாள். இப்போது கூட்டமைப்பின் பெயரில் மின்னஞ்சல், கூட்டமைப்பின் போன் நம்பர். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, பீரோவில் காசோலைப் புத்தகத்தோடு வைத்திருக்கிறோம்.

எப்போது போடுவது?

மார்ச், ஏப்ரல் வேண்டாம். தணிக்கைக்கு முன் வேண்டாம். வங்கிக் கடன் விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கும் வாரம் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளைக் கேட்டுவிட்டு, யூபிஎஸ் தாங்குமா என்றும் பார்த்து, வேலை குறைந்த ஒரு நாள் காலையில் ஆரம்பியுங்கள். பல ஜிபி இறங்கும், போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் டேட்டா தீர்ந்துவிடும்.

அதற்கு முன்னால், கணக்கு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று அலுவலகத்தில் பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ, இன்னொன்று அலுவலகத்துக்கு வெளியே. பிரதி எடுத்தால் போதாது, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி எழுதாத நோட்டு மாதிரிதான். மாற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பத்து நாளைக்குள் செட்டிங்ஸில் 'கோ பேக்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். ஆகவே பத்து நாளைக்குள் ரசீது, பட்டியல், நெட்பேங்கிங் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஏறாத கம்ப்யூட்டரை என்ன செய்வது?

பதறிப்போய்ப் புதிது வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் ஏற்பாடு ஒன்றை நிறுவனம் அறிவித்தது. தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்றும், கட்டணம் 30 டாலர், அமைப்புகளின் விவரத்தை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்தால் இலவசம் என்றும் சொன்னார்கள். நிறுவனங்களுக்கு முதல் வருடம் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 61 டாலர். வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டருக்கும் அலுவலகத்துக்கும் விதி வேறு என்பதைக் கவனியுங்கள். டைப்பிங், இன்டர்நெட் மட்டும் என்றால் லினக்ஸ் போடலாம், இலவசம். கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். குறுக்கு வழியில் ஏறாத கம்ப்யூட்டரிலும் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றினால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று நிறுவனம் உறுதி தரவில்லை. பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கட்டும், ஊர்ப் பணம் இருக்கும் கம்ப்யூட்டரில் எங்களுக்குச் சம்மதமில்லை.

எங்கள் செயற்குழு எடுத்த தீர்மானம் இதுதான்: முதல் கம்ப்யூட்டரை மாற்றுவது, இரண்டாவதை மாற்றுவதில்லை, நெட்பேங்கிங் முதல் கம்ப்யூட்டரில் மட்டும். தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போட்டோம். மாற்ற இரண்டரை மணி நேரம் ஆனது. கணக்கு அப்படியே இருந்தது. பிரிண்டர்தான் அரை நாள் முரண்டு பிடித்தது, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டதும் ஓடியது. இரண்டாவது கம்ப்யூட்டர், அந்த ஐ3-6100, இப்போது தீர்மானமும் சுற்றறிக்கையும் அடிக்க மட்டும். அதன் இன்டர்நெட் ஒயரைக் கழற்றி, யாரும் மறுபடி மாட்டாமல் இருக்கப் பொருளாளர் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.