தோற்ற நாடும் உழுதவன் நிலமும்

போரில் தோற்ற யப்பான் விரைவில் தலைநிமிர்ந்தது எவ்வாறு என மாணாக்கர் என்னை வினவுவதுண்டு. அம்மக்களின் உழைப்பையும் கல்வியையும் காரணமாகக் கூறுவர் பலர். அவை உண்மையே. எனினும், வென்றவன் தோற்றவனுடைய நிலத்தை என் செய்தான் என்பதையும் ஆராய்தல் வேண்டும். ஹல்துமுல்லையில் வாழும் எமக்கு இவ்வாராய்ச்சி அயலதன்று. எங்கள் ஊவாவும் ஒருகால் தோற்ற நாடே.

பகைவர் நாட்டுக்கு எரியூட்டுதலை 'உழபுல வஞ்சி' என்னும் துறையாக வகுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. ஏட்டில் யாம் கற்ற அத்துறை இம்மலைநாட்டில் மெய்யாகவே நிகழ்ந்தது. 1817இல் வெல்லஸ்ஸவில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க அனுப்பப்பெற்ற கெப்பெட்டிப்பொல திசாவையே கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளையும் நெல்லையும் எரித்தன, கால்நடைகளைக் கொன்றன, கனிமரங்களை வெட்டி வீழ்த்தின. 1818 நவம்பரில் திசாவை சிரச்சேதம் செய்யப்பட்டார். அதே மாதத்துப் பிரகடனம் நெல்வரியைப் பொதுவாகப் பத்திலொன்றென விதித்தது. கிளர்ச்சியாளரிடம் பறித்து மீளக் கொடுத்த நிலத்துக்கோ ஐந்திலொன்று. எரிந்த கழனிக்கு இரட்டை வரி!

பின்னர், உரிமை காட்டவியலாத காடும் தரிசும் முடிக்குரியன என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலை வந்தது. 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. மலை வளம்பெற்றது, அதன் பழைய உழவன் வளம்பெற்றானல்லன்.

யப்பானில் நிகழ்ந்தது வேறு. 1945 முதல் 1952 வரை அங்கு நிலவிய அமெரிக்கர் தலைமையிலான ஆட்சியின் தூண்டுதலால், 1946இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அரசு நிலக்கிழாரிடமிருந்து காணியை வாங்கி, உழுத குத்தகையாளருக்கே விற்றது. இதில் அருளோடு தன்னலமும் கலந்திருந்தது. பொதுவுடைமை பரவாது தடுக்க அமெரிக்கா விழைந்தது. 1950இல் மூண்ட கொரியப் போரும் ஆலைகளுக்கு வேலை தந்தது. ஆயினும், நிலம் உழுதவன் கைக்கு வந்தது மறுக்கவொண்ணாத உண்மை.

1942இல் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியரின் குண்டுகளை ஏற்ற இலங்கையும், 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் நட்டஈடு வேண்டாவென்றது. பகைமையைப் பகைமை தணிக்காது என்னும் புத்தர் போதனையை அங்கு எடுத்துரைத்தவர் அந்நாள் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன. 'இன்னா செய்யாமை' கற்ற நமக்கும் அது பெருமையே.

அப்பெருந்தன்மை வீட்டினுள்ளும் வேண்டாவோ? இம்மலைகளைத் தம் உழைப்பால் வளமாக்கிய தமிழ்த் தொழிலாளர் எப்போரிலும் தோற்றவரல்லர். ஆயினும், 1948இன் குடியுரிமைச் சட்டம் அவருள் மிகப்பலரை நாடற்றவராக்கியது. நெடுங்காலத்தின் பின் குடியுரிமை கிட்டிற்று. காணியோ? ஏழு பேர்ச் நிலமும் உறுதிப்பத்திரமும் லயங்களில் வாழ்வோருள் பலர்க்கு இன்றும் கைகூடவில்லை. தோற்ற நாட்டின் உழவனுக்கு அயலார் ஆட்சி பெற்றுத்தந்ததை, தன் குடிமகனுக்குத் தன் நாடு தருதல் அரிதோ? அறிஞர் சிந்திப்பாராக.