கள்வன் என்னும் ஒரு சொல்: கண்ணகி வழக்கில் மொழியும் பண்பும்

வைகாசித் திங்கள் பிறந்ததும் புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் வீதியிலே வற்றாப்பளைக்குப் போவோர் தொகை பெருகுகின்றது. நேர்த்திக்கடன் தீர்க்கச் செல்லும் அவ்வடியார்க்குக் கண்ணகை அம்மன் மழையும் விளைவும் தருகின்ற தெய்வம். நோய் தீர்க்கின்ற தாய். தமிழிலக்கியம் பயில்வார்க்கோ அவள் முதற்கண் ஒரு வழக்காளி. அரசன் அவையிலே தன்னந்தனியாக நின்று வழக்குரைத்தவள். அவ்வழக்கிலே அவள் வேண்டியது யாது என்னும் வினா எளிதாகத் தோன்றும். கணவனை இழந்தவள் நீதி கேட்டாள் என்று விடை கூறி அமைதலும் வழக்கம். ஆயினும், அவள் கூறிய சொற்களை வரிசைப்பட வைத்து நோக்குவார்க்கு அவ்விடை போதாது.

சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியம் என்று ஆன்றோர் கூறுவது வெறும் புகழ்ச்சியன்று. மூன்று காண்டங்களும் முப்பது காதைகளுமாக விரியும் அந்நூலில் முதன்மையான திருப்பங்கள் யாவும் பாத்திரங்களின் பேச்சினாலேயே நிகழ்கின்றன. ஒரு பாட்டினாற் பிரிவு நேர்கின்றது; ஒரு கட்டளையாற் கொலை நேர்கின்றது; ஒரு வாக்குவாதத்தால் அரசு வீழ்கின்றது. 1892ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்த காலந்தொட்டு இதன் அணிநலங்களும் கூத்துச் செய்திகளும் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. பாத்திரங்கள் பேசும் முறையும் பேசாதிருக்கும் முறையும் அந்த அளவுக்கு ஆராயப்பட்டதாகச் சொல்லுதல் அரிது.

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினாற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. கண்ணகியின் வாழ்விலே நான்கும் உள்ளன. கோவலன் பொருளைத் தொலைத்தமையால் வறுமை வந்தது. பிறந்த ஊரையும் உயர்ந்த நிலையையும் விட்டு நடந்தமையால் அசைவு வந்தது. கணவன் மாண்டமையால் இழவு வந்தது. முதல் மூன்றையும் அவள் தாங்கியிருக்கக்கூடும்; கைம்மை நோன்பு பூண்டோ உடனுயிர் நீத்தோ அக்காலத்து மகளிர் பலர் செய்தது போல அவளும் செய்திருக்கலாம். அவளை அரண்மனை வாயிலுக்கு இழுத்துச் சென்றது நான்காவதாகிய இளிவு, அஃதாவது இகழ்ச்சி. அவ்விகழ்ச்சி முழுவதும் கள்வன் என்னும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தது.

அச்சொல் வருமுன்னர்க் கண்ணகி எவ்வாறு பேசினாள் என்று காண்டல் வேண்டும். புகார்க் காண்டத்திலே அவள் பேசுமிடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதாற் கணவனை அடையலாம் என்று தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையன்று என ஒரு சொல்லில் மறுத்துவிடுகின்றாள். பொருளிழந்து நாணத்தோடு திரும்பிய கோவலனிடம், சிலம்புகள் இருக்கின்றன, கொள்க என்று சொல்லுமிடத்தில் ஓரிரு சொற்களே உள்ளன. கடிந்துரையும் இல்லை, ஆறுதலுரையும் இல்லை. புகாரை விட்டுச் சிறிது தொலைவு நடந்து இளைத்தவுடன் மதுரை எங்குளது என்று கேட்கின்றாள். உலகறியாத ஒரு பெண்ணின் வினா அது. கோவலன் நகைத்து, முப்பது காதத்தை ஆறைந்து எனப் பிரித்து, அண்மையிலே தான் என்கின்றான். அவளது அறியாமையைக் காட்டும் அவ்வினாவைப் பிற்பகுதியில் அவள் தொடுக்கும் வினாக்களோடு ஒப்பிட்டாற் பாத்திரம் வளர்ந்த அளவு புலனாகும்.

கோவலன் இதற்கு நேர்மாறானவன். அவன் சொல்லாற் செய்யப்பட்ட மனிதன். மணவாழ்வின் தொடக்கத்திலே மனைவியைப் பொன், முத்து, மணம், கரும்பு, தேன் என்று அடுக்கடுக்காகப் புகழ்கின்றான். அதற்குக் கண்ணகி ஏதும் மறுமொழி கூறினாளென்று கவிஞர் சொல்லவில்லை. கானல்வரியிலே யாழிசைத்துப் பாடுகின்றான். மாதவி திரும்பப் பாடியபோது அவள் பாட்டின் பொருளைப் பிறழ உணர்ந்து எழுந்து போகின்றான். இனிமையாகப் பேசத் தெரிந்த அவனுக்குச் செவ்வையாகக் கேட்கத் தெரியவில்லை என்பதே அவன் குறை. மாதவியின் முதற்கடிதத்தை அவன் வாங்கவும் மறுத்தான். இரண்டாம் கடிதத்தை மதுரை செல்லும் வழியிற் கௌசிகன் கொணர்ந்து கொடுத்தபோதுதான் அவளிடம் தீதில்லை, தன்னிடமே தீது என்று தெளிகின்றான். அம்மட்டோ! அக்கடிதத்தின் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துகின்றது என்று கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கொடுத்தனுப்புகின்றான். தன் மன்னிப்பைக் கேட்கத் தனக்கென ஒரு சொல்லின்றிப் பிறள் சொல்லை இரவல் வாங்கும் அந்த இடம், சொற்செல்வனாக இருந்தவன் சொல்லிழந்து வருவதைக் காட்டும் முதற்படி.

மாதரியின் மனையில் உண்டபின் அவன் பேசுவதே அவனுடைய கடைசி நீண்ட பேச்சு. முதுமக்கள் சொல்லை மறந்தேன், தாய் தந்தையர்க்குச் செய்யும் தொண்டிற் பிழைத்தேன், எழுக என்றவுடன் எழுந்து வந்தனையே என்று வருந்துகின்றான். கண்ணகி அப்பொழுதுதான் முதன்முறையாக விரிவாகப் பேசுகின்றாள். அறவோர்க்கு அளித்தலும் விருந்தெதிர்கோடலும் தனக்கு இல்லாமற்போனதையும், மாமனாரும் மாமியாரும் தன் பொய்ச்சிரிப்பைக் கண்டு வருந்தியதையும் எண்ணிச் சொல்கின்றாள். போற்றா ஒழுக்கத்தை நீர் விரும்பினீர் என்று குற்றத்தை மறைக்காது கூறியும் விடுகின்றாள். இத்தனை காலமும் அவள் பேசாதிருந்தது அறியாமையாலன்று, அளந்து வைத்திருந்தமையால் என்பது இவ்விடத்திற் புலப்படுகின்றது.

பின்னர் நிகழ்வது கொலை. பொற்கொல்லன் வாயிலாகவே கள்வன் என்னும் சொல் கதைக்குட் புகுகின்றது. அவன் மொழி கவனித்தற்குரியது. கன்னக்கோலும் கவைக்கோலும் இன்றியே மந்திரத்தாற் களவு செய்தவன் தன் குடிலில் இருக்கின்றான் என அரசனிடம் சொல்கின்றான். சான்று இல்லாமையையே சான்றாக்கும் தந்திரம் அது. காவலர் கோவலனைக் கண்டு, இவன் முகத்திற் களவுக்குறி இல்லையே என்று ஐயுற்றபோது, கள்வர்க்குத் துணையாவன எட்டு என ஒரு சாத்திரமே எடுத்துரைக்கின்றான். உண்மை சுருக்கமாகப் பேச, பொய் நூலறிவோடு விரித்துப் பேசுகின்றது. கற்றோர் சற்று நாணத்தோடு நினைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

பாண்டியனோ ஊடிச் சென்ற தேவியைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தான். தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்று காவலரை ஏவுகின்றான். கொல்வதற்குக் கொணர்க என்று சொல்லக் கருதியவன் ஊழின் வலியால் நாப்பிறழ்ந்தான் என்றொரு விளக்கம் தமிழாசிரியரிடையே வழங்குவதுண்டு. அரசனைக் காக்க அவ்விளக்கம் உதவலாம். நாடகத்தை விளங்கிக்கொள்ள அது வேண்டுவதில்லை. கட்டளையில் ஒரு நிபந்தனை இருந்தது. இருக்குமாயின் என்பதை ஆராயவேண்டியவன் அரசன்; அவன் அதனைக் குற்றஞ்சாட்டியவனிடமே ஒப்படைத்துவிட்டான். நல்ல நிலையில் உள்ள ஒருவன் கொடுமையினாலன்றித் தன் பிழையினால் வீழ்வதே அவலம் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் வகுத்த இலக்கணத்துக்குப் பாண்டியனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழில் இல்லை. அவன் கொடியவனல்லன். அவசரக்காரன்.

காவலர் சூழ்ந்தது முதல் வாள் வீழ்ந்தது வரை கோவலன் ஒரு சொல்லும் பேசியதாக இளங்கோவடிகள் காட்டவில்லை. தன் மனைவியைப் புகழ அத்தனை சொற்களைக் கண்டவனுக்குத் தன் உயிரைக் காக்க ஒரு சொல்லும் வழங்கப்படவில்லை. அவன் பேசாது விட்டதை முழுவதும் கண்ணகி பேசவேண்டியதாயிற்று.

அதற்குப் பின் அவளிடமிருந்து எழுவன வினாக்கள். ஞாயிற்றை நோக்கி என் கணவன் கள்வனோ என்று கேட்கின்றாள். அல்லன் என்று வானில் ஒரு குரல் விடையிறுக்கின்றது. மதுரைத் தெருவில் நின்று, இவ்வூரிற் பெண்டிரும் உண்டா, சான்றோரும் உண்டா, தெய்வமும் உண்டா எனக் கேட்கும்போது விடையிறுப்பார் எவருமில்லை. மதுரை எங்குளது என்று கேட்ட பேதை, மதுரைக்குள் நின்று அந்நகரின் அறம் எங்குளது என்று கேட்கின்றாள்.

வழக்குரை காதை அளவிற் சிறியது. அழுதுகொண்டு வந்தவளே, நீ யார் என்கின்றான் மன்னன். கண்ணகி தன் பெயரை உடனே சொல்லவில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்த அரசனையும், கன்றிழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனையும் முதலிற் சொல்கின்றாள். அவர்கள் ஊர் புகார், அவ்வூரில் மாசாத்துவான், அவன் மகன் கோவலன், சிலம்பு விற்க வந்து உன்னாற் கொலையுண்டவன், அவன் மனைவி, இறுதியிலேதான் தன் பெயர். ஓர் அறிமுகமே குற்றச்சாட்டாக அமைந்துவிடுகின்றது. நீதி தவறாத சோழரைச் சொல்லித் தொடங்கினவள், நீதி தவறிய பாண்டியனைத் தனியே பழிக்க வேண்டியதில்லை. மன்னன் கள்வனைக் கொல்லுதல் முறையே என்று அச்சொல்லை மீண்டும் உதிர்க்கின்றான். அவளது மறுமொழி ஒரு பொருளைப் பற்றியது மட்டுமே: என் சிலம்பின் பரல் மாணிக்கம். எமது சிலம்பின் பரல் முத்து என்று ஒளிக்காமற் சொல்லி, அவள் கூறியது நன்று என்றும் ஒப்புக்கொண்டு, சிலம்பைத் தருவிக்கின்றான் மன்னன். முன்பு செய்யத் தவறிய ஆராய்ச்சியை இப்போது தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்கின்றான். உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மணி அவன் வாயருகே சென்று படுகின்றது. கட்டளை பிறந்த இடமும் அதுவே.

அவள் மன்னனைக் கள்வன் என்று சொல்லவில்லை என்பது நோக்கற்பாலது. சொல்லியிருந்தால் அது வசையாகியிருக்கும். பொற்கொல்லன் சொல் கேட்ட தான் அரசனல்லன், தானே கள்வன் என்று மன்னன் தானாகவே அச்சொல்லை எடுத்துத் தன்மேற் சூடிக்கொண்டு வீழ்கின்றான். கோவலன் மீதிருந்த பழி நீங்கி உரியவிடத்திற் சேர்ந்தது. வழக்கு முடிந்தது.

ஆயினும் சினம் முடியவில்லை. நீதி கிடைத்தபின் நகரம் ஏன் எரியவேண்டும் என்பது எளிதில் விடை காணமுடியாத வினா. அதனை மழுப்பிக் கற்பின் பெருமை என்று கூறிவிடுவது கவிஞருக்குச் செய்யும் நன்றியன்று. எரிக்கும்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப்பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடுமாறு தீக்கடவுளை ஏவுகின்றாள். புகாரில் அளந்து பேசியவளின் இயல்பு அச்சினத்தினுள்ளும் மாளவில்லை.

ஈழத்து மரபு இக்கதையை வேறொரு மொழியிலே சொல்லிவந்துள்ளது. 1968இல் வித்துவான் வி. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரையிலே கண்ணகி பாண்டியனின் சோலையில் மாங்கனியாகத் தோன்றிப் பேழையில் இட்டுக் கடலில் விடப்பட்டவள். இம்மாற்றத்தால் அவைக்களத்திலே எதிரெதிர் நிற்போர் அரசனும் அயலாளும் மட்டுமல்லர். தன்னைக் கைவிட்டவன் முன் கைவிடப்பட்டவள் நிற்கின்றாள். முல்லைத்தீவு வட்டாரத்தில் முல்லை மோடி எனப்படும் ஆட்டமுறையில் வழங்கிவந்த கோவலன் கூத்தில் மற்றொரு மாற்றம் இன்றியமையாததாகின்றது. கூத்தரங்கிலே ஒரு பாத்திரம் வரவுப்பாட்டோடு தோன்றித் தன்னை அறிவித்தே ஆடவேண்டும். மத்தளம் முழங்க விடியும்வரை அமர்ந்திருக்கும் அவையினர் முன் மௌனத்தை ஆடிக்காட்டுதல் இயலாது. ஆகவே காப்பியக் கண்ணகி உள்ளடக்கியவற்றைக் கூத்துக் கண்ணகி வாய்விட்டுப் பாடுகின்றாள், புலம்புகின்றாள். இதனாற் பாத்திரத்தின் ஆழம் குறைகின்றது என்பார் உளர். அது அரைகுறைத் தீர்ப்பு. காப்பியம் தனியே இருந்து படிப்பவனுக்குரியது. கூத்து, தன் வீட்டிலும் இழவு கண்ட ஊரவர் கூடியிருந்து அழுவதற்குரியது.

வற்றாப்பளையின் தலவரலாறு அவள் பேச்சின் இறுதிக்கட்டத்தைச் சொல்கின்றது. மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது பளை ஆதலின் அது பத்தாப்பளை எனப்பட்டு வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் வழக்கு. நந்திக்கடல் ஓரத்திலே மாடு மேய்த்த சிறுவரிடம் ஒரு கிழவியாக வந்து, பசிக்கின்றது, பொங்கித் தாருங்கள் என்று கேட்டாளாம். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்று அவர்கள் சொல்ல, கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாளாம். தலையிற் பேன் பார்க்கச் சொன்னபோது சிறுவர் கண்டது தலை நிறையக் கண்கள். அவையில் மாணிக்கப் பரல் பற்றி வாதிட்டவள், ஊரை எரிக்கத் தீயை ஏவியவள், இங்கே எல்லாக் கிழவிகளும் பேசும் மொழியில் உணவு கேட்கின்றாள். 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றதும் அந்த நந்திக்கடல் ஓரத்திலேதான். சான்றோரும் உண்டா, தெய்வமும் உண்டா என்ற வினா அக்கரையிற் பலர் வாயில் எழுந்திருக்கும். அதற்கு விடையிறுத்த குரல் எதுவும் கேட்டதாக எவரும் சொல்லவில்லை. ஆயினும் வைகாசியிலே சிலாவத்தைக் கடற்கரையிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் நடைபெற்றுவருகின்றது. பொங்கலன்று அவ்விளக்கு வற்றாப்பளைக்குச் செல்லும்.