பிரீலான்ஸ் காப்பிரைட்டிங்: வருமானம் ஏறுவதும் இறங்குவதும் ஏன்?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட் இணைப்பு, நன்றாக எழுதும் திறமை. இந்த மூன்றும் இருந்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் உண்மை உண்டு. ஆனால், ஒரு மாதம் 40,000 ரூபாய் வந்து, அடுத்த இரண்டு மாதம் எதுவும் வராமல் போனால், வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதற்காகக் காத்திருப்பதில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் இந்தத் தொழிலிலிருந்து விலகுவதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் காரணமாக இருக்கிறது. இது ஏன் வருகிறது, எப்படிச் சமாளிப்பது என்று இங்கு பார்க்கலாம்.

காப்பிரைட்டிங் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். பதிப்புரிமையைக் குறிக்கும் காப்பிரைட் வேறு, காப்பிரைட்டிங் வேறு. விளம்பரத் துறையில் 'காப்பி' என்றால் நகல் அல்ல, விளம்பர வாசகம். பத்திரிகை விளம்பரம், ரேடியோ விளம்பரம், நிறுவனத்தின் இணைய தளம், துண்டுப் பிரசுரம், வாடிக்கையாளருக்கு அனுப்பும் இமெயில், ஆன்லைன் கடையில் பொருளுக்குக் கீழே வரும் விளக்கம் என எல்லாவற்றிற்கும் ஒருவர் வாசகம் எழுதித் தர வேண்டும். அவர்தான் காப்பிரைட்டர். ஒரே நிறுவனத்தில் சம்பளத்திற்கு இல்லாமல், பலருக்கு வேலைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கி எழுதினால் அவர் பிரீலான்ஸ் காப்பிரைட்டர்.

இன்றைய வேலை, என்றைய பணம்?

வருமானம் இறங்குவதற்கான முதல் காரணத்தைக் காலண்டரில் காணலாம். ஒரு வாடிக்கையாளர் இன்று உங்களை அழைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கட்டணம் பேசி முடிக்க 1 வாரம். எழுத 2 வாரம். திருத்தங்கள் செய்து ஒப்புதல் பெற 1 வாரம். அதன் பின் பில் அனுப்பினால், 45 நாள் கழித்துப் பணம் வரும். மொத்தம் 73 நாட்கள். அதாவது, இன்று தேடிப் பிடிக்கும் வேலை இரண்டரை மாதம் கழித்துத்தான் வாடகைக்கு உதவும்.

இப்போது தீபாவளி சீசனை எடுத்துக் கொள்ளுங்கள். துணிக்கடை, நகைக்கடை, வீட்டு உபயோகப் பொருள் கடை என எல்லோரும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வாசகம் கேட்கிறார்கள். இரவு பகலாக எழுதுகிறீர்கள். புதிய வாடிக்கையாளரைத் தேட நேரம் இல்லை. இந்த வேலைகளுக்கான பணம் நவம்பர் வரை வந்து கொண்டிருக்கும். வங்கிக் கணக்கும் நன்றாக இருக்கும். டிசம்பரில் திடீரென்று எல்லாம் வற்றிப் போகும். உடனே பதற்றத்துடன் வேலை தேடினால், அதன் பணம் வருவதற்குள் பிப்ரவரி முடிந்துவிடும். டிசம்பர் வறட்சிக்குக் காரணம் டிசம்பரில் இல்லை. செப்டம்பரில் வேலை தேடுவதை நிறுத்தியதில் இருக்கிறது.

எனவே, வேலை நிறைய இருக்கும்போதுதான் வேலை தேட வேண்டும். வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கிவிடுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு நலம் விசாரித்து ஒரு மெயில், புதியவர்கள் ஐந்து பேருக்கு உங்கள் மாதிரிகளுடன் ஒரு மெயில், பதில் வராதவர்களுக்கு ஒரு போன் என்று செய்திடலாம்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டாவது காரணம், கட்டணத்தைக் குறைவாகச் சொல்வது. ஒரு எடுத்துக்காட்டுடன் கணக்கிடலாம். வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய். இன்டர்நெட், மின்சாரம், கம்ப்யூட்டர் பராமரிப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றிற்கு 6,000 ரூபாய். வரிக்கும் வேலை இல்லாத மாதங்களுக்கும் சேமிக்க 6,000 ரூபாய். ஆக 42,000 ரூபாய் வேண்டும்.

மாதத்தில் 22 வேலை நாட்கள். வேலை தேடவும், பில் போடவும், போனில் பேசவும் 8 நாட்கள் போய்விடும். மீதி 14 நாட்களில், நாள் ஒன்றுக்கு 4 மணி நேரம் உருப்படியாக எழுதினால் 56 மணி நேரம். 42,000 ரூபாயை 56ஆல் வகுத்தால் மணிக்கு 750 ரூபாய்.

ஐந்து பக்க இணைய தளம் ஒன்றிற்கு, பேச்சு, தகவல் சேகரிப்பு, திருத்தம் எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் ஆகும் என்றால், கட்டணம் 9,000 ரூபாய். அதே வேலையை "சொல்லுக்கு 1 ரூபாய்" என்று ஒருவர் கேட்டால், பக்கத்திற்கு 400 சொல் வீதம் 2,000 ரூபாய்தான் கிடைக்கும். மணிக்கு 170 ரூபாய் கூட வராது. விளம்பரத்தில் வெட்டிச் சுருக்குவதுதான் பெரிய வேலை. ஆறு சொல்லில் முடியும் ஒரு தலைப்பு வரிக்கு ஒரு நாள் முழுவதும் ஆகலாம். அதனால், சொல் கணக்கில் இல்லாமல் வேலைக் கணக்கில் கட்டணம் சொல்வதே சரி. எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் அப்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.

மற்றவர் கையில் உள்ள சாவி

மூன்றாவது காரணம் நம் கையில் இல்லாதது. 1990களின் இறுதியில் வந்த ஈலான்ஸ், 2003ல் வந்த ஓடெஸ்க் போன்ற தளங்கள், நம் ஊரில் இருந்தபடியே அமெரிக்க நிறுவனத்திற்கு எழுதும் வாய்ப்பைத் தந்தன. இந்த இரண்டும் இணைந்து 2015ல் அப்வொர்க் என்று பெயர் மாறின. 2010ல் ஃபைவர் வந்தது. முகம் தெரியாத ஊரிலிருந்து வேலை கிடைப்பது பெரிய வசதி. ஆனால், விதிகளை மாற்றும் உரிமை தளத்திடம் இருக்கிறது. அப்வொர்க் முதலில் 10 சதவீதம் கட்டணமாகப் பிடித்தது. 2016ல், ஒரு வாடிக்கையாளரிடம் பெறும் முதல் 500 டாலருக்கு இது 20 சதவீதமானது. 2023ல் மீண்டும் ஒரே சீராக 10 சதவீதம் என்றானது. 2025ல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை என்று மாறியது. ஃபைவர் பிடிப்பது 20 சதவீதம்.

தொழில்நுட்ப மாற்றங்களும் இப்படித்தான் திடீரென்று வருகின்றன. ஒரு காலத்தில் கூகுள் தேடலில் முன்னால் வர வேண்டும் என்பதற்காகவே, 500 சொல் கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் எழுதி வாங்கினார்கள். 2011 பிப்ரவரியில் கூகுள், பாண்டா என்ற மாற்றத்தை அமெரிக்காவில் கொண்டு வந்தது. 11.8 சதவீதத் தேடல்களின் முடிவுகள் இதனால் குறிப்பிடத்தக்க அளவில் மாறும் என்று கூகுளே அறிவித்தது. தரமில்லாத கட்டுரைகளைக் குவித்த தளங்கள் சரிந்தன. அவற்றை மட்டும் நம்பி எழுதியவர்களின் வருமானமும் சரிந்தது.

அடுத்த பெரிய அடி, 2022 நவம்பர் 30ல் வெளியான சாட்ஜிபிடி. பொருள் விளக்கம், பொதுவான கட்டுரை போன்றவற்றைச் சில நொடிகளில் இது எழுதித் தருகிறது. மலிவாக, வேகமாக எழுதுவதையே தன் பலமாகக் கொண்டவருக்கு இனி இடம் குறைவு.

இதற்கு வழி என்ன? ஒரே தளத்தையோ ஒரே வாடிக்கையாளரையோ நம்பி இருக்கக் கூடாது. மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், அதனை எச்சரிக்கையாக எடுத்துக் கொள்ளுங்கள்.

இயந்திரம் ஏற்காத பொறுப்பு

வாடிக்கையாளர் நமக்குக் காசு கொடுப்பது சொற்களுக்கு மட்டும் அல்ல. கடைக்காரரிடம் நேரில் பேசி, அவருடைய பொருளை எதற்காக வாங்குகிறார்கள் என்று தெரிந்து எழுத வேண்டும். எழுதியது சட்டப்படி சரியா என்றும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. 1985ல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், "நம்பர் 1" என்பது போன்ற வாசகங்களுக்கு ஆதாரம் கேட்கும். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022 ஜூனில் தனி வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. இயந்திரம் தரும் வாசகத்தில் இப்படிப்பட்ட பிழைகள் இருந்தால் மாட்டிக் கொள்வது விளம்பரம் கொடுத்தவர்தான். "இந்த வரி வேண்டாம், வழக்கு வரும்" என்று சொல்லத் தெரிந்த காப்பிரைட்டரை அவர் எளிதில் விடமாட்டார்.

பணத்தை வசூலிப்பது

எழுதிக் கொடுத்த பின், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பது இந்தத் தொழிலில் வழக்கமான தொல்லை. இதற்குச் சில பாதுகாப்புகள் உண்டு.

1. பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். அட்வான்ஸ் தரத் தயங்குபவர், மீதியைத் தருவதற்கும் தயங்குவார்.

2. சம்பளத்தில் இருப்பவர் வேலைக்காக எழுதுவது நிறுவனத்திற்குச் சொந்தம். ஆனால், பிரீலான்ஸராக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உங்களுடையது. உரிமையை எழுத்து மூலம்தான் மாற்ற முடியும். எனவே, "முழுத் தொகையும் வந்து சேர்ந்த பின் உரிமை உங்களுக்கு மாறும்" என்ற ஒரு வரியைக் கட்டண மெயிலில் சேர்த்து, வாடிக்கையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வைத்திடுங்கள்.

3. மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்து கொள்ளுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவிற்குக் கட்டணம் இல்லை. ஆதார், பான் எண்கள் போதும். கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களை நம்ப வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, இந்தியாவில் உள்ள வாடிக்கையாளர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் 15 நாட்கள்தான். தாமதத்திற்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. பணம் வராவிட்டால் மத்திய அரசின் இணைய தளத்தில் புகார் செய்யலாம். வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்து வைப்பது பாதுகாப்பு.

4. பெரிய நிறுவனங்கள் பில்லில் வரியைப் பிடித்துக் கொண்டு மீதியைத் தரும். பெரும்பாலும் இது 10 சதவீதம். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகி இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் தளத்தில் பார்த்திடுங்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு பைலைத் திறந்து கொள்ளுங்கள். விசாரணை வந்த தேதி, வாடிக்கையாளர் பெயர், வேலை, சொன்ன கட்டணம், ஒப்படைத்த தேதி, பில் எண், பணம் வர வேண்டிய தேதி, வந்த தேதி என எட்டு நெட்டு வரிசைகள் போதும். பணம் வர வேண்டிய தேதியை டுடே பங்ஷன் தரும் இன்றைய தேதியுடன் ஒப்பிட்டு, கண்டிஷனல் பார்மட்டிங் மூலம் நாள் கடந்த பாக்கிகள் சிவப்பில் தெரியும்படி அமைத்திடலாம். முதல் நெட்டு வரிசையைக் கவனித்துப் பாருங்கள். மூன்று வாரமாகப் புதிய விசாரணை எதுவும் இல்லை என்றால், இரண்டரை மாதம் கழித்து வரப் போகும் இறக்கம் இப்போதே தெரிகிறது என்று பொருள்.

தமிழில் எழுதுபவர்கள் வாசகத்தை யூனிகோட் எழுத்துருவில் அனுப்புவது நல்லது. டிசைனரின் இன்டிசைன் புரோகிராமில் 'கொ', 'கை' போன்ற எழுத்துகள் சிதறித் தெரிந்தால், பாரா செட்டிங்கில் வேர்ல்ட் ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் பி.டி.எப். பைலை வாங்கி ஒரு முறை படித்திடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனி போல்டர் வைத்து, அனுமதி கிடைத்த நல்ல மாதிரிகளை இன்னொரு போல்டரில் சேர்த்து வாருங்கள். வேறு ஒரு டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள்.

முழு நேரமாக இறங்கலாமா?

வேலையில் இருப்பவர்கள் உடனே ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. உங்கள் நிறுவன விதிகள் அனுமதித்தால், மாலை நேரத்தில் சிறிய வேலைகளை எடுத்துப் பழகலாம். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். கட்டணத்தை ஒழுங்காகத் தரும் வாடிக்கையாளர் மூவராவது இருக்க வேண்டும். இரண்டும் அமைந்த பிறகு முழு நேரமாக இறங்கலாம்.

அதன் பின்னும் வருமானம் ஒரே சீராக இருக்காது. அதனால், வரும் பணம் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு, அதிலிருந்து மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் சம்பளம் போல வீட்டுக் கணக்கிற்கு மாற்றுங்கள். தீபாவளி சீசனில் வந்த பணம் ஜனவரி வாடகைக்கும் இருக்கும். பணக் கவலை இல்லாதபோதுதான், குறைந்த கட்டணத்திற்கு வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சலும் வரும்.