மூடிய சுரங்கம், மூடிய பௌலிங் கூடம், நடுவே ஒரு மலைச்சாலை

கொலராடோ மாநிலத்து லெட்வில், அமெரிக்காவின் மிக உயரமான ஊர்களில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியைவிட 450 மீட்டர் கூடுதல். ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் 1982-ல் படுத்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. அவர்களில் ஒருவரான கென் க்ளௌபருக்கு ஒரு விபரீத யோசனை: இந்த மலைகளில் 100 மைல் ஓட்டப்பந்தயம் வைத்தால் என்ன? 161 கிலோமீட்டரைப் பொழுது சாய்வதற்குள் பெரும்பாலானோரால் ஓடி முடித்துவிட முடியாது. ஓடுகிறவரும் கூட வருகிறவர்களும் ஊரில் தங்கித்தான் ஆகவேண்டும், சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். யாராவது செத்துப்போவார்கள் என்று உள்ளூர் ஆஸ்பத்திரி எச்சரித்ததாம். அப்படியானால் ஊருக்குப் பேராவது கிடைக்கும் என்றாராம் க்ளௌபர். 1983-ல் நடந்த முதல் பந்தயத்தில் 45 பேர் ஓடினார்கள். முடித்தவர்கள் 10 பேர்.

அங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போனால் நியூ மெக்சிகோவின் தலைநகர் சாண்டா ஃபே. கேன்யன் ரோட்டில் கதவுக்குக் கதவு ஓவியக் கேலரிதான். அந்தக் கேலரிகளுக்கு வெளியே நின்ற இளைஞர்கள் சிலர் 2008-ல் கூடி, வேண்டாமென்று ஊர் தூக்கிப்போட்டதையெல்லாம் வெட்டி ஒட்டிக் கலை செய்ய ஆரம்பித்தார்கள். ‘மியாவ் வுல்ஃப்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஊரில் ஒரு பௌலிங் கூடம் மூடிக் கிடந்தது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைகளை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் சாண்டா ஃபேவாசி. அவர் அந்தக் கட்டடத்தை வாங்கி இவர்களுக்கு வாடகைக்கு விட்டார். 2016 மார்ச்சில் அங்கே ‘ஹவுஸ் ஆஃப் எடர்னல் ரிட்டர்ன்’ என்ற கண்காட்சி திறந்தது.

வேலையில்லாதவர் ஒருவரும் இடம் கிடைக்காத சிலரும் கிளப்பிவிட்ட இந்த இரண்டு கிறுக்குத்தனங்களையும் ஒரே சாலைப் பயணத்தில் கோத்துவிடலாம். இரண்டுமே வந்தவரைக் கை கட்டி வேடிக்கை பார்க்க விடாது.

விமானம் இறங்குவது டென்வரில். மியாவ் வுல்ஃப் 2021-ல் திறந்த ‘கன்வெர்ஜன்ஸ் ஸ்டேஷன்’ இங்கேதான் இருக்கிறது. மேம்பாலங்களுக்கு நடுவே சொருகினாற்போன்ற நான்கு மாடிக் கட்டடம். 300-க்கும் மேற்பட்ட கலைஞர்களின் கைவேலை. நான்கு வேற்று உலகங்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன, அங்கே நினைவுகள்தான் நாணயம் என்று ஒரு கதை. பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கதை காலில் சிக்கிக்கொண்டே வருகிறது.

ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறி, காப்பர் மவுன்டனில் பிரிந்தால் ஃப்ரீமான்ட் கணவாய். உச்சியில் சாலையை ஒட்டியே கிளைமாக்ஸ் சுரங்கம், பாதி மலையைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறது. 2012-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். சுற்றுலாப் படங்களில் இந்த மலை வராது. இதைப் பார்த்துவிட்டு லெட்வில்லில் நுழைந்தால்தான் அந்த ஊர் புரியும்.

பந்தயத்தின் உயிர்நாடி ஹோப் கணவாய். 3,800 மீட்டருக்கு மேல். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை தாண்டவேண்டும். கிட்டத்தட்ட உச்சியில் ஓட்டக்காரர்களுக்காக ஒரு முகாம் போடுவார்கள். வண்டி போக வழியில்லை. கூடாரம், அடுப்பு, உணவு எல்லாம் லாமா விலங்குகளின் முதுகில் ஏறி வருகின்றன. மூச்சு முட்டி, கண் இருட்டி வருகிறவர் முதலில் பார்ப்பது புல்வெளியில் அசை போட்டுக்கொண்டிருக்கும் அந்த நீண்ட கழுத்துகளைத்தான். முப்பது மணி நேரத்துக்குள் முடித்தால் இடுப்புவாருக்கு ஒரு பக்கிள் பரிசு. 1993-ல் இங்கே முதலாவதாக வந்தவர் மெக்சிகோவின் ராராமுரி பழங்குடியைச் சேர்ந்த விக்டோரியானோ சுரோ. வயது 55. காலில் டயரை வெட்டிச் செய்த செருப்பு. விலையுயர்ந்த ஷூ வாங்க யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு டர்க்காய்ஸ் ஏரியின் வடகரைப் பாதை போதும். பந்தயத்தின் தொடக்கப் பகுதியே அதுதான். பெரிய ஏற்றமில்லை, பைன் வேர்களும் கற்களும் மட்டும் காலை இடறும். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கே குறைவு. சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டே ஓடுகிறவர் இங்கே பேச்சை நிறுத்திவிடுவார். ஏரிக்கு அப்பால் மவுன்ட் மாசிவ். அதன் பக்கத்தில், ராக்கி மலைத்தொடரிலேயே உயரமான எல்பெர்ட், 4,401 மீட்டர். இந்தக் காட்சியைக் கார் கண்ணாடி வழியாகவும் பார்க்கலாம்தான். நுரையீரல் எரிய எரியப் பார்ப்பது வேறு.

தெற்கே ஆர்கன்சா நதியோடு இறங்கி, போன்சா கணவாயைத் தாண்டினால் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு விரிகிறது. அதன் கிழக்கு ஓரத்தில், பனி மலைகளின் காலடியில் பாலைவன மணல். வட அமெரிக்காவிலேயே உயரமான மணற்குன்றுகள், சுமார் 230 மீட்டர். ஓரடி எடுத்து வைத்தால் அரையடி கீழே சறுக்கும். கோடை நடுப்பகலில் மணல் 65 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும்; ஏறுவதானால் விடியற்காலையில்தான். மே கடைசியில் போனால் அடிவாரத்து மெடானோ ஓடையில் தண்ணீர் சின்னச் சின்ன அலையாக வரும். அடியில் மணல் மேடு கட்டி நீரைத் தேக்கும், உடைந்து அலையாகப் பாயும், மறுபடி கட்டும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு.

தாவோஸ் வழியாக சாண்டா ஃபே வந்து சேர்ந்தால், அந்தப் பழைய பௌலிங் கூடத்துக்குள் ஒரு முழு மாடி வீடு நிற்கிறது. கதைப்படி, அதில் குடியிருந்த குடும்பம் காணாமல் போய்விட்டது. கடிதங்கள், டைரி எல்லாம் அப்படியே கிடக்கின்றன, எடுத்துப் படிக்கலாம். ‘தொடாதே’ என்று அதட்ட ஆளில்லை. சமையலறை ஃபிரிட்ஜைத் திறந்தால் வெள்ளை வெளிச்சம் நிறைந்த ஒரு வழி. அதற்குள் நடந்து போகவேண்டும். கணப்பு அடுப்புக்குள் தவழ்ந்தால் மாஸ்டோடான் எலும்புக்கூடு ஒன்று நிற்கும் குகை. விலா எலும்புகளைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம். துணி உலர்த்தும் இயந்திரம் சறுக்குமரம். வான்கோ ஓவியங்களைச் சுவரெங்கும் புரொஜெக்டரில் ஓடவிட்டு, அதையும் ‘இம்மெர்சிவ்’ என்று விற்கிறார்களே, அதில் நீங்கள் வெறும் திரை. இங்கே முட்டி தேய்ந்தால்தான் கலை.

மறுநாள் காலை ஊரை ஒட்டிய டேல் பால் பாதைகளில் ஓடலாம். ஜூனிப்பரும் பின்யோன் பைனும் அடர்ந்த செம்மண் மேடுகள். பிரிவுக்குப் பிரிவு எண்ணிட்ட கம்பம் இருப்பதால் வழி தவறாது.

மியாவ் வுல்ஃப் கலைஞர் கூட்டம் இப்போது பெரிய கம்பெனி. லாஸ் வேகஸ், டெக்ஸாஸ் என்று கிளைகள். ஊழியர்கள் சங்கம் கட்டினார்கள். 2024-ல் கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பியது. லெட்வில் பந்தயத்தையும் 2010-ல் ஓர் உடற்பயிற்சிக் கூட நிறுவனம் வாங்கிவிட்டது. கிறுக்குத்தனம் காசு பார்க்க ஆரம்பித்தால் வாங்க ஆள் வருவது வழக்கம்தான். ஆனாலும் ஃபிரிட்ஜ் கதவும் ஹோப் கணவாயும் இன்னும் கெட்டுப்போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நேரம் குறைவென்றால் டென்வர் கண்காட்சியை விட்டுவிடுங்கள், சாண்டா ஃபேயை விடாதீர்கள். ஆகஸ்ட் நடுவில் பந்தய வாரம். லெட்வில்லில் அறை கிடைப்பது கஷ்டம். ஜூலை, ஆகஸ்ட்டில் பிற்பகல் ஆனால் இடி மின்னல் வரும். மதியத்துக்குள் மலைமுகட்டைவிட்டு இறங்கிவிடவேண்டும். விமானம் இறங்கிய அன்றே லெட்வில்லுக்கு வண்டியை விரட்டாமல், டென்வரில் ஓர் இரவாவது தங்கி உடம்பைப் பழக்குங்கள். மேலே போய்த் தலைவலியும் வாந்தியும் விடாமல் இருந்தால் சமாளித்துக்கொண்டு ஓடப் பார்க்காதீர்கள். உடனே காரைத் திருப்பிக் கீழே இறங்குங்கள்.