கான்ஸ்டபிள் சபானும் சரதியேலும்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், லார்கின் வீதியும் ஓஃபாரல் வீதியும் சந்திக்கிற மூலையில் சிறுவர்கள் விளையாடும் குட்டிப் பூங்கா ஒன்று இருக்கிறது. பெயர், சார்ஜன்ட் ஜோன் மக்காலே பூங்கா. 1982 இல் பக்கத்து ஒழுங்கையில் சுட்டுக் கொல்லப்பட்ட பொலிஸ்காரர் அவர்.

நம் இலங்கைக் கதை வேறு மாதிரி. வடக்கிலிருந்து கிளிநொச்சி, வவுனியா தாண்டி ஏ9 வீதியால் கண்டிக்குப் போய், அங்கிருந்து கொழும்புப் பக்கம் திரும்பினால் மாவனல்லை வரும். பேர்போன கொள்ளையன் சரதியேலைப் பிடிக்க, 1864 மார்ச் 21 அன்று அங்கே ஒரு வீட்டைப் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். உள்ளேயிருந்து வெடி வந்தது. மலாய் இனத்தவரான கான்ஸ்டபிள் சபான் உயிரிழந்தார். கடமையின்போது இறந்த முதல் இலங்கைப் பொலிஸ்காரர் அவர்தான். சரதியேலையும் கூட்டாளி மம்மாலி மரைக்காரையும் அதே ஆண்டு மே 7 அன்று கண்டியில் தூக்கிலிட்டார்கள்.

ஆண்டுதோறும் மார்ச் 21 அன்று பொலிஸ் வீரர்கள் தினத்தில் சபானை நினைவுகூருகிறார்கள். ஆனால் மாவனல்லைக்கு அருகே உத்துவன்கந்தைப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கிக்கொண்டு, ஆளுயரச் சிலைகளைப் பார்த்து வருகிற இடத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? சரதியேல் கிராமம்!