விலை 80 லட்சம், பழுதுபார்க்க 4 கோடி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ராதர்ஹாம் நகரை ஒட்டிய கிராமப்புறத்தில் இருக்கிறது வென்ட்வர்த் வுட்ஹவுஸ். கிழக்கு முகப்பின் நீளம் மட்டும் 606 அடி. உள்ளே 300-க்கும் மேற்பட்ட அறைகள். இருமுறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராக்கிங்ஹாம் பிரபுவின் குடும்ப வீடு. 2015-இல் இது 82 ஏக்கர் நிலத்தோடு 80 லட்சம் பவுண்டுக்கு விற்பனைக்கு வந்தது. லண்டனின் பணக்காரப் பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குக் கேட்கும் விலைதான் இது. ஆனால் பழுதுபார்க்க 4 கோடிப் பவுண்டுக்கு மேல் ஆகும் என்று மதிப்பீடு சொன்னது. வாங்குகிறவர் கைக்கு வருவது சொத்து என்பதைவிடக் கடன் என்பதே சரி. இத்தகைய வீடுகளின் கதியைச் சந்தையின் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது. பொதுப்பணம் உள்ளே வர வேண்டும், பதிலுக்கு வாசல் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும் என்பதே என் கட்சி.

வசதியுள்ள தனியார் ஒருவர் வாங்கிப் பராமரித்தால் போதாதா? நல்ல மனதோடு செய்யப்பட்ட அந்த முயற்சியையும் இந்த வீடு பார்த்துவிட்டது. 1999-இல் கட்டடக் கலைஞர் கிளிஃபர்ட் நியூபோல்ட் சுமார் 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். குடும்பத்தோடு உழைத்து அறைகளைச் சீரமைத்தார், பார்வையாளர்களையும் அனுமதித்தார். யானையைக் கட்டித் தீனி போடும் வேலை அது. பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் தரை உள்வாங்கி வீடு சேதமடைந்தது என்று 10 கோடிப் பவுண்டு இழப்பீடு கேட்ட வழக்கும் தோற்றது. 2015-இல் அவர் காலமானார். அடுத்து வாங்க முன்வந்த ஹாங்காங் நிறுவனம் பின்வாங்கியது. ஓர் ஆயுளின் உழைப்பும் ஒரு குடும்பத்தின் பணமும் போதவில்லை. சட்டம் இருக்கிறதே என்றால், முதல்தரப் பாரம்பரியக் கட்டடம் என்ற பாதுகாப்பு இடிப்பதைத் தடுக்கும். கூரை ஒழுகுவதைத் தடுக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையிழந்து தவித்த வட்டாரத்தில், பிரபுக்களின் மாளிகைக்கு ஏன் வரிப்பணம்? கேள்வி நியாயமானது. ஆனால் பதிலை அந்த வட்டாரத்துத் தொழிலாளர்களே சொல்லியிருக்கிறார்கள். 1946-இல் எரிபொருள் அமைச்சர் ஷின்வெல், மாளிகையின் பூங்காவைத் தோண்டி நிலக்கரி எடுக்க உத்தரவிட்டார். மரங்கள் சாய்ந்தன, தோட்டம் போனது, தோண்டிய மண் வீட்டருகே மலையாகக் குவிந்தது. அதை எதிர்த்துப் பிரதமர் அட்லியிடம் முறையிட்டவர்களில் யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜோ ஹாலும் ஒருவர். அந்தப் பூங்கா தங்கள் மக்களுக்கும் உரியது என்று அவர்கள் கருதினார்கள். அப்போது மாளிகையின் உரிமையாளர்களாக இருந்த ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வந்தது. அதை வெட்டியெடுத்த கைகளுக்கு இந்த வீட்டில் உரிமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? வீடு இடிந்தால் பிரபுக்களுக்கு நட்டமில்லை, அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நட்டம் ராதர்ஹாமுக்குத்தான்.

2016-இல் அரசு 76 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. 2017-இல் ஓர் அறக்கட்டளை 70 லட்சத்துக்கு மாளிகையை வாங்கியது. முதல் பெரிய வேலை கூரைதான், அதுவே சரியான வரிசை. இப்போது சுற்றிப் பார்க்க மக்கள் வருகிறார்கள், திருமணங்களும் படப்பிடிப்புகளும் நடக்கின்றன. கமேலியாச் செடிகளுக்காகக் கட்டிய பழைய கண்ணாடி வீடு தேநீர்க் கூடமாகிவிட்டது. இந்த வருமானம் முழுப் பழுதுபார்ப்புக்கும் போதாது என்பது உண்மைதான். அதனால்தான் ஒருமுறை மானியம் கொடுத்ததோடு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டன் இத்தகைய மாளிகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இழந்தது. அந்த இழப்பை 1974-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியாகவே வைத்துக் காட்டியது. அடுத்து ஒரு மாளிகை சந்தைக்கு வரும்போது, கேட்கும் விலையோடு பழுதுபார்ப்பு மதிப்பீட்டையும் வெளியிட வேண்டும் என்று சட்டம் வரட்டும். அந்தத் தொகையில் எவ்வளவை அரசு ஏற்கும், பதிலுக்கு எத்தனை நாள் வாசல் திறந்திருக்கும் என்பதும் விற்பனைக்கு முன்பே பேசி முடிவாகட்டும்.