வைத்திருந்ததே குற்றம்

1993 மார்ச் 12 அன்று மும்பையில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளுக்கு 257 பேர் பலியானார்கள். அந்த வழக்கில் நடிகர் சஞ்சய் தத்துக்குக் குண்டுவெடிப்புச் சதியில் பங்கில்லை என்று தடா நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவர் யாரையும் சுடவும் இல்லை. ஆனாலும், ஏ.கே.56 ரகத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்ததற்காக ஆயுதச் சட்டத்தின்கீழ் 2007-ல் 6 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை 5 ஆண்டாகக் குறைத்ததே தவிர, தண்டனையை நீக்கவில்லை. தடை செய்யப்பட்ட ஆயுதத்தைப் பொறுத்தவரை, அதை வைத்திருப்பதே முழுக் குற்றம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளை இரண்டாகப் பிரிக்கிறது. சாதாரணத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் தானியங்கித் துப்பாக்கி, நச்சு வாயு பீய்ச்சும் கருவி போன்றவையோ தடை செய்யப்பட்டவை. மத்திய அரசின் தனி அனுமதியின்றி யாரும் அவற்றைத் தொடக்கூடாது. கையெறி குண்டும் இதே தடைக்குள் வருகிறது. இவற்றை வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. தடைப் பட்டியலில் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தாலும் 2 முதல் 5 ஆண்டு வரை கிடைக்கும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உரிய கருவிகளுக்கு விலக்கு உண்டு. அரிவாள்மனைக்காக யாரும் அஞ்ச வேண்டாம்.

“உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது?” என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. குண்டுவெடிப்புக்கு முந்தைய கலவரக் காலத்து மும்பையில் குடும்பத்தைக் காக்கவே ஆயுதம் வாங்கியதாகத்தான் தத் தரப்பும் வாதிட்டது. தற்காப்பு உரிமையைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அது தாக்குதல் நேரும் கணத்தில் செய்யும் செயலுக்கான பாதுகாப்பு. அதைக் காட்டி மாதக்கணக்கில் தடை ஆயுதத்தைப் பதுக்கி வைக்க முடியாது. தத்திடம் ஏற்கெனவே உரிமம் பெற்ற துப்பாக்கிகள் இருந்தன என்பது அந்த வாதத்தை மேலும் பலவீனமாக்கியது.

“வேறொருவர் கொண்டுவந்து வைத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு?” என்ற கேள்வி இன்னும் நியாயமானது. தத்தின் வழக்கிலேயே 1994-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதற்குப் பதில் சொன்னது: தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம். அறியாமல் சிக்கியவருக்கு இது உண்மையான பாதுகாப்பு. அதேசமயம், பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அது இருப்பதை அறிந்து, அதன்மீது கட்டுப்பாடும் இருந்தால் போதும் என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மும்பை வழக்கில் ஆயுதப் பையைத் தம் வீட்டில் வைத்திருந்த ஒரு மூதாட்டிக்கும் 5 ஆண்டு தண்டனை உறுதியானது. நட்புக்காகவோ உறவுக்காகவோ மூட்டையை வாங்கி வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்பவர்கள், காவல் நிலையத்துக்குப் போனால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தே அதை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம்தான் அவர்களைக் குற்றத்தில் தள்ளுகிறது. உரிமம் பெற்றவர் இறந்தால், அவருடைய சட்டப்படியான வாரிசு தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழி செய்கிறது. பிறகு தம் பெயருக்கு உரிமம் கிடைத்தால் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் விற்றுவிடலாம். ஒப்படைக்காமல் இருப்பதும் அதே சட்டத்தில் தண்டனைக்குரிய தனிக் குற்றம்.